எல்லா ஃபீல்டும் வார்சார்(255) என்றால் வேகம் எங்கே போகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் இருந்துகொண்டு அரிசி ஆலைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் எடை, பில் மென்பொருள் எழுதித் தருகிறீர்கள். டேட்டாபேஸ் மைஸ்கியூஎல் 8. எடைப் பதிவு டேபிள் ஒரு கோடி ரெக்கார்டைத் தாண்டிவிட்டது. அவசரத்தில் ஆரம்பித்த வேலை, அதனால் ஏறக்குறைய எல்லா ஃபீல்டும் வார்சார்(255), அதாவது 255 எழுத்து வரை எதையும் ஏற்கும் எழுத்து வகை. சம்பா அறுவடை மும்முரமாக இருக்கும் தை, மாசியில் மொபைல் எண்ணைக் கொடுத்து ஒரு விவசாயியின் எடைப் பதிவைத் தேடினாலே திரை சுற்றிக்கொண்டு நிற்கிறது. டேட்டா டைப்பை மாற்றினால் வேகம் வருமா, அல்லது நண்பர் சொல்வதுபோல் ‘டிஸ்க் மலிவு, ரேமைக் கூட்டு’ என்று விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேகம் வரும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்திலிருந்து வராது. இன்ட் (முழு எண் வகை) போட்டால் நான்கு பைட், ஸ்மால்இன்ட் போட்டால் இரண்டு பைட் என்று கணக்குப் போட்டு டேபிளை இளைக்க வைப்பதில் பலர் மூழ்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கும் தேவைதான், பின்னால் வருகிறேன். அதைவிடப் பெரிய இழப்பு, இன்டெக்ஸ் (வேகமாகத் தேடுவதற்காகத் தனியாக அடுக்கி வைத்த வரிசைப் பட்டியல்) இருந்தும் டேட்டாபேஸ் அதைத் தொட முடியாமல் போவது. டைப் தவறாக இருந்தால் முதலில் நடப்பது அதுதான்.

மொபைல் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அந்த ஃபீல்டில் இன்டெக்ஸ் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியும் மெதுவாக ஓடுகிறது என்றால், குவெரிக்குள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்குள்) எண் மேற்கோள் குறி இல்லாமல் போகிறது என்பதே என் முதல் சந்தேகம். ஆப்பிலிருந்து ஜேசன் வடிவத்தில் வரும்போது அது எண்ணாகவே வந்து, அப்படியே உள்ளே நுழைந்திருக்கும். ஃபீல்டு எழுத்து வகை, ஒப்பிடும் மதிப்பு எண் வகை. இந்த நிலையில் மைஸ்கியூஎல் இரண்டு பக்கத்தையும் மிதவைப் புள்ளி எண்ணாக, அதாவது டபுளாக மாற்றித்தான் ஒப்பிடும். அப்படி ஒப்பிட்டால் 98 என்ற எண்ணுக்கு '98', '098', முன்னால் இடைவெளி விட்ட ' 98', '98ஏ' எல்லாமே சமம். இன்டெக்ஸோ எழுத்து வரிசைப்படி அடுக்கப்பட்டது. மேலே சொன்ன நான்கும் அதில் ஒரே இடத்தில் இருக்காது. எங்கே போய்த் தேடுவது என்று தெரியாததால் ஒரு கோடி ரெக்கார்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணாக மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இதை உறுதி செய்வது சுலபம். குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் போட்டு ஓட்டுங்கள். ‘பாசிபிள் கீஸ்’ என்ற இடத்தில் உங்கள் இன்டெக்ஸின் பெயர் இருக்கும், ‘கீ’ என்ற இடம் நல் (மதிப்பே இல்லை) ஆக இருக்கும், ‘டைப்’ என்ற இடத்தில் ஆல், அதாவது முழு டேபிளையும் படிக்கிறது, என்று இருக்கும். அதற்குப் பிறகு ஷோ வார்னிங்ஸ் கொடுத்தால், டைப் அல்லது கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) மாற்றம் காரணமாக இந்த இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியவில்லை என்று அதுவே சொல்லிவிடும். எழுதியவர்கள் எவ்வளவோ சிரமப்பட்டு அந்த எச்சரிக்கையை வைத்திருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

தீர்வு ஒரு வரிதான்: மதிப்பை எழுத்தாக மாற்றி அனுப்புங்கள். டேபிளைத் தொடவே வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். இது ஒரு பக்கச் சிக்கல் மட்டுமே என்பதையும் கவனியுங்கள். ஃபீல்டு இன்ட் ஆக இருந்து, நீங்கள் '45' என்று மேற்கோளுக்குள் கொடுத்தால் பாதிப்பில்லை. மைஸ்கியூஎல் அந்த ஒரே ஒரு மதிப்பை எண்ணாக மாற்றிக்கொண்டு இன்டெக்ஸுக்குள் போய்விடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இந்த விளையாட்டே கிடையாது. வார்சாரையும் இன்டிஜரையும் நேராக ஒப்பிட்டால் ‘அப்படி ஒரு ஆபரேட்டர் இல்லை’ என்று பிழை காட்டி நிறுத்திவிடும். எனக்குப் பிடித்தது அந்தக் கண்டிப்புதான். மௌனமாக மெதுவாக ஓடுவதைவிட முகத்துக்கு நேராகத் திட்டுவது நல்லது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் பக்கம் போனால் இதே நோய் வேறு உருவில் வரும்: ஃபீல்டு வார்சார், ஜாவா ட்ரைவர் இயல்பாக அனுப்புவது என்வார்சார் என்ற யூனிகோடு எழுத்து வகை. பழைய எஸ்கியூஎல் கொலேஷன் இருக்கும் இடத்தில் இன்டெக்ஸ் தேடல் முழு ஸ்கேனாக மாறிவிடும்.

‘அப்படியானால் மொபைல் எண்ணை எண் வகைக்கே மாற்றிவிடட்டுமா?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். இரண்டு மொபைல் எண்களை யாரும் கூட்டுவதில்லை, சராசரி எடுப்பதில்லை. முன்னால் பூஜ்யம் போட்டுத் தருகிறவர்கள் உண்டு, கூட்டல் குறியோடு 91 சேர்த்துத் தருகிறவர்கள் உண்டு. அதோடு, அவசரத்தில் இன்ட் போட்டுவிட்டால் அதன் உச்சவரம்பு 2147483647. நம் ஊர் எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குபவை, அத்தனையும் அதைத் தாண்டியவை. ஸ்ட்ரிக்ட் மோடு (தவறான மதிப்பை மறுக்கும் அமைப்பு) அணைத்து வைத்திருக்கும் சர்வரில் பிழைகூட வராது. எல்லா விவசாயிக்கும் 2147483647 என்றே பதிவாகும். வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியே, முன்னால் பூஜ்யம் வரும். பட்டாவில் இருக்கிற புல எண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 112/3ஏ என்பது எண்ணே அல்ல. இவையெல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும். வார்சார்(255) மட்டும் வேண்டாம், தேவையான நீளம் போதும்.

இதே நோயின் இரண்டாவது முகம் ஜாயினில், அதாவது இரண்டு டேபிளை இணைக்கும்போது, தெரியும். விவசாயி டேபிளைப் பழைய மென்பொருளிலிருந்து கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதன் கேரக்டர் செட் (எழுத்தைப் பைட்டாக எழுதும் முறை) பழைய மூன்று பைட் யூடிஎஃப்8-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மைஸ்கியூஎல் 8-இல் நீங்கள் புதிதாக உருவாக்கிய டேபிள்கள் இயல்பாகவே நான்கு பைட் வரை எடுக்கும் யூடிஎஃப்8எம்பி4. இரண்டையும் விவசாயி குறியீட்டால் இணைக்கும்போது, சிறியதைப் பெரியதாக மாற்றித்தான் ஒப்பிட முடியும். அதாவது பழைய டேபிளின் ஃபீல்டை மாற்ற வேண்டும். ஃபீல்டின் மேல் மாற்றம் நடந்தால் அதன் இன்டெக்ஸ் பயன்படாது. இரண்டு பக்கமும் வார்சார்தானே, ஒரே டைப்தானே என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவோம். கேரக்டர் செட்டும் கொலேஷனும் டைப்பின் பகுதிதான். இரண்டு டேபிளின் ஷோ கிரியேட் டேபிளையும் (டேபிளின் அமைப்பைக் காட்டும் கட்டளை) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விவசாயி டேபிள் சில ஆயிரம் ரெக்கார்டுதானே, அதை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுவது சில நொடி வேலை.

சரி, தேதிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய மாதிரியில் தேதி '05-02-2024' என்று நாள், மாதம், ஆண்டு வரிசையில் எழுத்தாக இருக்கிறது. இந்த ஒரு முடிவால் வரும் கேடு மூன்று வகை. எழுத்து வரிசையில் '05-02-2024' என்பது '28-01-2024'-க்கு முன்னால் வந்துவிடும். ஆகவே ‘இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை’ என்ற கேள்விக்குப் பதில் மெதுவாக வருவதோடு தவறாகவும் வரும். தவறைத் திருத்த, ஃபீல்டைச் சுற்றி, எழுத்தைத் தேதியாக மாற்றும் எஸ்டிஆர் டூ டேட் ஃபங்ஷனைப் போட்டிருக்கிறீர்கள். பதில் சரியாகிவிட்டது, ஆனால் ஃபங்ஷனுக்குள் போன ஃபீல்டின் இன்டெக்ஸ் பயன்படாது. மறுபடியும் ஒரு கோடி ரெக்கார்டு. மூன்றாவது கேடு கண்ணுக்குத் தெரியாது: எந்த வழியில் குவெரியை ஓட்டுவது என்று ஆப்டிமைசர் முடிவு செய்வது, இந்த வரம்புக்குள் தோராயமாக எத்தனை ரெக்கார்டு வரும் என்ற மதிப்பீட்டை வைத்து. எழுத்தாக இருக்கும் தேதியை வைத்து அது போடும் கணக்கில் பொருளே இல்லை. சிலர் புத்திசாலித்தனமாக 20240131 என்று எண்ணாக வைப்பார்கள். வரிசை சரியாக வரும். ஆனால் 20240131-க்கும் 20240201-க்கும் இடையில் ஒரு நாள்தான் என்பது டேட்டாபேஸுக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு நடுவில் எழுபது இடம் இருக்கிறது.

டேட் டைப் போடுங்கள். மைஸ்கியூஎலில் மூன்றே பைட். தேதியோடு நேரமும் வேண்டும் என்றால் டேட்டைம், நொடி வரைக்கும் ஐந்து பைட். டைம்ஸ்டாம்ப் நான்கு பைட்டில் முடிந்துவிடும், ஆனால் அது 2038-ஐத் தாண்டாது. எடைப் பதிவுக்கு இன்று பிரச்சினையில்லை. கடன் தவணை மாதிரி எதிர்காலத் தேதி வரும் இடத்தில் வைக்காதீர்கள். டைப்பை மாற்றிய பிறகும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். ஆண்டு வாரியாக ரிப்போர்ட் எடுக்க இயர் ஃபங்ஷனுக்குள் தேதியைப் போடுவது. அது டேட்டாக இருந்தாலும் இன்டெக்ஸைக் கெடுக்கும். ‘ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு, அடுத்த ஜனவரி 1-க்கு முன்’ என்று வரம்பாக எழுதுங்கள். நெல்லுக்கு அது இன்னும் பொருத்தம். சம்பா ஒரு ஆண்டில் நட்டு மறு ஆண்டில் அறுப்பது. காலண்டர் ஆண்டை வைத்துப் பருவக் கணக்கு எடுக்கவே முடியாது.

எண்ணாக இருக்க வேண்டியது எழுத்தாக இருப்பதால் வருகிற கூத்துகளையும் சொல்லியாக வேண்டும். வேகத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனால் தவறான பதிலை வேகமாகத் தந்து என்ன பயன்? ஈரப்பதத்தை வார்சாரில் வைத்திருக்கிறீர்கள். கொள்முதல் நிலையங்களில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். '17'-க்கு மேல் உள்ளவற்றைக் காட்டு என்று எழுத்தாக ஒப்பிட்டால் '9.5' அந்தப் பட்டியலில் வந்து உட்காரும், ஏனென்றால் 9 என்ற எழுத்து 1-ஐவிடப் பெரியது. விலையில் மேக்ஸ் எடுத்தால் '2320' இருக்கும்போது '985' உச்ச விலையாக வரும். 2024-25-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, ஏ ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2320 ரூபாய். அதை யாராவது கடையில் எழுதுகிற மாதிரி '2,320' என்று கமா போட்டு ஏற்றியிருந்தால், கூட்டும்போது மைஸ்கியூஎல் கமாவோடு நின்றுவிடும். அதன் மதிப்பு 2. ஆமாம், இரண்டு ரூபாய். ஈரப்பதம் எழுதாமல் காலியாக விட்ட ரெக்கார்டுகள் வெற்று எழுத்தாக இருப்பதால் சராசரியில் பூஜ்யமாகச் சேர்ந்து, நெல் காய்ந்த மாதிரி கணக்குக் காட்டும். நல் ஆக இருந்தால் சராசரியிலிருந்து தானாக விலகியிருக்கும்.

பில் கூட்டுத்தொகையில் பைசா இடிக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணமும் இங்கேதான். வார்சாரைக் கூட்டச் சொன்னால் மைஸ்கியூஎல் டபுளாக மாற்றிக் கூட்டும். இரும எண்ணில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது, 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் 0.30000000000000004. இதைத் திருத்துகிறேன் என்று ஃப்ளோட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள், அது இதைவிட மோசம். நான்கு பைட் ஃப்ளோட்டில் 1,67,77,216-க்கு மேல் எல்லா முழு எண்ணையும் வைக்க முடியாது. ஒரு நடுத்தர ஆலையின் ஒரு பருவ வரவுசெலவே அதைத் தாண்டும்; அங்கே பைசா போய், ரூபாயே தடுமாறும். பணத்துக்கு டெசிமல்(12,2) (மொத்தம் 12 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 2), எடைக்கு டெசிமல்(10,3). மைஸ்கியூஎல் டெசிமலை ஒன்பது இலக்கத்துக்கு நான்கு பைட் என்ற கணக்கில் அடைத்து வைக்கிறது, ஆகவே டெசிமல்(12,2) ஆறு பைட்டில் அடங்கிவிடும். டெசிமல் கணக்கு டபுளைவிடச் சற்று மெதுவானது என்பது உண்மை. உங்கள் அளவில் அது தெரியாது. எடையை கிராமாக மாற்றி இன்டில் வைக்கிறவர்களும் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் நேராக டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கணக்குப்பிள்ளைக்கு 40 கிலோ மூட்டை 40000 என்று தெரிந்தால் உங்களுக்குத்தான் போன் வரும்.

இப்போது பைட் கணக்கு. மைஸ்கியூஎலின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, டிஸ்கிலிருந்து ஒரு ரெக்கார்டை மட்டும் எடுத்து வருவதில்லை. 16 கிலோபைட் கொண்ட பேஜாகத்தான் எடுக்கும், ரேமில் வைத்துக்கொள்வதும் பேஜாகத்தான். ரெக்கார்டு தடித்தால் ஒரு பேஜில் குறைவாக அடங்கும், அதே ரிப்போர்ட்டுக்கு அதிகப் பேஜ் தேவைப்படும். பதர் கலந்த மூட்டையை லாரியில் ஏற்றுவது மாதிரி, நடை கூடும், சரக்கு கூடாது. ‘டிஸ்க் மலிவு’ என்கிற நண்பரின் வாதம் இங்கேதான் தவறுகிறது. டிஸ்க் மலிவுதான். ரேமும், டிஸ்கிலிருந்து ரேமுக்கு வரும் நேரமும் மலிவல்ல.

தமிழில் சேமிக்கிற நமக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று உண்டு. யூடிஎஃப்8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. ‘நீடாமங்கலம்’ கண்ணுக்கு ஏழு எழுத்து, உள்ளே 11 குறியீடு, 33 பைட். ‘குறுவை’ 18 பைட். ‘ஆடுதுறை 43’ என்று ரகத்தின் பெயரை எழுதினால் 24 பைட். எழுத்தாக எழுதிய தேதி 10 பைட். இந்த நான்கு மட்டும் 85 பைட். ஊருக்கும் ரகத்துக்கும் ஸ்மால்இன்ட், பருவத்துக்கு டைனிஇன்ட், தேதிக்கு டேட் என்று வைத்தால் எட்டு பைட். ரெக்கார்டுக்கு 77 பைட் மிச்சம், ஒரு கோடி ரெக்கார்டுக்கு 77 கோடி பைட். ஊர் பெயர் மேல் இன்டெக்ஸ் வைத்திருந்தால் அங்கேயும் இதே சுமை இன்னொரு முறை ஏறும்.

ஊர், ரகம், பருவம் மூன்றுக்கும் தனி டேபிள் வைத்து எண்ணால் இணைக்கச் சொல்வதற்கு இடம் மட்டும் காரணமல்ல. உங்கள் மாதிரியிலேயே ‘குறுவை’, ‘குருவை’ இரண்டும் இருக்கின்றன. க்ரூப் பை போட்டுப் பருவவாரியாகத் தொகுத்தால் இரண்டு பருவமாகும். இதைவிடக் கள்ளமான ஒன்று, ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டு ‘கும்பகோணம்’ ஒரே மாதிரி தெரியும். ஒன்று 30 பைட், மற்றது 33 பைட்.  பைனரி கொலேஷனிலோ போஸ்ட்கிரெஸின் வழக்கமான அமைப்பிலோ அவை இரண்டு ஊர்கள்.

மாவட்டம் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். எடைப் பதிவிலேயே மாவட்டப் பெயரை எழுதி வைத்தவர்கள், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது என்ன செய்திருப்பார்கள்? சீர்காழிப் பக்கத்து ரெக்கார்டு அத்தனையிலும் ‘நாகப்பட்டினம்’ என்பதைத் தேடித் தேடி மாற்ற வேண்டும், கூடவே அந்த ஃபீல்டு வருகிற இன்டெக்ஸ்களும் மாறும். ஊர் டேபிளில் மட்டும் மாவட்டம் இருந்தால் சில நூறு ரெக்கார்டோடு வேலை முடிந்தது. டெல்டாவுக்கு இது முதல் பிரிவினையும் அல்ல. 1991-இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் தனியானது.

பருவத்துக்கு ‘ஈனம்’ (அனுமதித்த மதிப்புகளை முன்பே அறிவித்து வைக்கும் டைப்) போடலாமா என்றும் கேட்கலாம். ஒரு பைட்டில் முடியும், உண்மைதான். ஆனால் குறுவை, சம்பா, தாளடி என்று அறிவித்துவிட்டு, பிறகு கோடை நெல்லை நடுவில் செருக நினைத்தால் டேபிளையே திரும்பக் கட்டும். கடைசியில் சேர்த்தால் சிக்கலில்லை, ஆனால் ஆர்டர் பை போட்டால் அகர வரிசையில் வராது, அறிவித்த வரிசையில்தான் வரும். நான் சிறிய டேபிள்தான் வைப்பேன்.

அடுத்தது பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டையும் தனியாக அடையாளம் காட்டும் ஃபீல்டு. பைட் கணக்கில் நிஜமாகவே முக்கியமான இடம் இது. களத்தில் சிக்னல் இல்லாத இடத்திலும் எடை போட வேண்டியிருப்பதால் போனிலேயே யூயுஐடி (எங்கே உருவாக்கினாலும் மோதாத 36 எழுத்து அடையாளம்) உருவாக்கி, அதையே வார்சார்(36) பிரைமரி கீயாக வைத்திருக்கிறீர்கள். காரணம் நியாயமானது. விலைதான் அதிகம். இன்னோடிபியில் டேபிளே பிரைமரி கீயின் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. மற்ற ஒவ்வொரு இன்டெக்ஸும் தன் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் பிரைமரி கீயின் நகல் ஒன்றைச் சுமக்கிறது. இன்ட் என்றால் நான்கு பைட், உங்களுடையது 36 பைட். ஒரு இன்டெக்ஸுக்கு வித்தியாசம் 32 பைட். ஒரு கோடி ரெக்கார்டுக்கு 32 கோடி பைட். ஆறு இன்டெக்ஸ் வைத்திருக்கிறீர்கள். கிட்டத்தட்ட 190 கோடி பைட், வெறும் நகலுக்கு.

அது போக, போனில் உருவாகும் யூயுஐடி பெரும்பாலும் நான்காம் பதிப்பு, முழுக்க சீரற்றது. ஒவ்வொரு புது ரெக்கார்டும் டேபிளின் ஏதோ ஒரு மூலையில் போய் உட்காரும், நிரம்பிய பேஜ்கள் உடைந்து இரண்டாகும், பாதி காலியாகக் கிடக்கும். அறுவடை நேரத்தில் நாள் முழுக்க எடை விழும்போது எழுதுவதும் மெதுவாவதற்கு இது ஒரு காரணம். தானாக ஏறும் இன்டை பிரைமரி கீயாக்குங்கள். பிக்இன்ட் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். யூயுஐடியை பைனரி(16)-ஆக யூனிக் இன்டெக்ஸோடு பக்கத்தில் வையுங்கள், போனோடு ஒத்திசைக்க அது போதும். போனில் ஏழாம் பதிப்பு யூயுஐடி உருவாக்க முடிந்தால் இன்னும் நல்லது. 2024-இல் ஆர்எஃப்சி 9562 வழியாகத் தரப்படுத்தப்பட்ட அது நேரத்தை முன்னால் வைத்துத் தொடங்குவதால் ஏறக்குறைய வரிசையாகவே வந்து சேரும்.

வார்சார்(255) என்ற அறிவிப்பு மட்டும் தனியாக எவ்வளவு கெடுதல்? பலர் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. பத்து எழுத்து வைத்தால் டிஸ்கில் பத்து எழுத்துக்கான இடமும் நீளக் குறிப்பும்தான், 255 அல்ல. பழைய பதிப்புகளில் தற்காலிக டேபிள்கள் மெமரி எஞ்சினில் உருவாகும்போது அறிவித்த முழு நீளத்தையும் ஒதுக்கிக்கொள்ளும், அதனால்தான் இந்தப் பயம் பரவியது. மைஸ்கியூஎல் 8-இன் டெம்ப்டேபிள் எஞ்சின் அப்படிச் செய்வதில்லை. ஆனால் பல ஃபீல்டு சேர்ந்த இன்டெக்ஸ் போடும்போது இடிக்கும். யூடிஎஃப்8எம்பி4-இல் 255 எழுத்துக்கு உச்சக் கணக்கு 1020 பைட், இன்டெக்ஸுக்கு மொத்த வரம்பு 3072 பைட். அப்படி மூன்று ஃபீல்டு வைத்தால் நான்காவதுக்கு இடமில்லை. போஸ்ட்கிரெஸில் டெக்ஸ்டுக்கும் வார்சாருக்கும் வேக வித்தியாசமே கிடையாது. அங்கே நீள வரம்பு என்பது தப்பான தரவைத் தடுக்க மட்டும்.

நீளத்தைக் குறைக்கும்போது ஒரு சின்ன விஷயத்தை நினைவில் வையுங்கள். உச்சக் கணக்கு 255 பைட்டுக்குள் இருக்கும்வரை நீளத்தைக் கூட்டுவது நொடியில் முடியும். அந்தக் கோட்டைத் தாண்டினால் முழு டேபிளும் நகலாகும். நான்கு பைட் கணக்கில் அந்தக் கோடு வார்சார்(63)-க்கும் வார்சார்(64)-க்கும் நடுவில் இருக்கிறது. வளரும் என்று தோன்றும் ஃபீல்டுக்கு ஆரம்பத்திலேயே 64-க்கு மேல் கொடுத்துவிடுங்கள்.

சிறிய டேபிள்களில் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஊர் டேபிளில் ஆயிரம் ரெக்கார்டு இருக்குமா? அதில் டைனிஇன்டா இன்டா என்று யோசிக்கிற நேரத்துக்கு ஒரு டீ குடிக்கலாம். முழு டேபிளும் சில பேஜுக்குள் அடங்கி எப்போதும் ரேமிலேயே இருக்கும். எடைப் பதிவு, பில் வரி, பணப் பட்டுவாடா, இந்த மூன்றில் மட்டும் கஞ்சத்தனமாக இருங்கள். இணைக்கிற ஃபீல்டின் டைப் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், எந்த டேபிளானாலும்.

மாற்றுகிற முறை. மைஸ்கியூஎலில் ஒரு ஃபீல்டின் டைப்பை ஆல்டர் டேபிள் மூலம் மாற்றினால் டேபிள் முழுவதும் நகலெடுக்கப்படும். அது முடியும்வரை படிக்கலாம், எழுத முடியாது. ஒரு கோடி ரெக்கார்டுக்கு அறுவடை நேரத்தில் இதைத் தொடவே கூடாது. குறுவை நெல் வந்து முடிந்து, சம்பா வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியிலோ, மேட்டூர் திறப்பதற்கு முந்தைய சித்திரை, வைகாசியிலோ வைத்துக்கொள்ளுங்கள். நேராக மாற்றாமல், சரியான டைப்பில் பக்கத்திலேயே புது ஃபீல்டு சேர்த்து, புதிதாக வருவதை இரண்டிலும் எழுதவைத்து, பழையதைச் சில ஆயிரமாகப் பிரித்து நகர்த்துவது பாதுகாப்பானது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கூட்டுத்தொகை பார்த்த பிறகு குவெரிகளைப் புது ஃபீல்டுக்குத் திருப்புங்கள்.

நகர்த்துவதற்கு முன் அழுக்கைத் தேடி எடுங்கள். எண்ணாக மாறாத விலைகள், கமா போட்டவை, ‘இல்லை’ என்று எழுதிய ஈரப்பதம், '31-04-2023' மாதிரி இல்லாத நாள்கள். இவை நிச்சயம் இருக்கும். வார்சார் எதையும் மறுக்காது, அதனால் எல்லாம் உள்ளே வந்திருக்கும். ஸ்ட்ரிக்ட் மோடு இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் பிழை வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்து உட்காரும்.

வரிசையாகச் சொல்வதென்றால் நான் இப்படிப் போவேன். மொபைல் குவெரியை இன்றே சரிசெய்வேன், விவசாயி டேபிளின் கேரக்டர் செட்டை இந்த வாரம். தேதி, எடை, பணம் மூன்றும் அடுத்த இடைவெளியில். ஊரும் ரகமும் அப்புறம். பிரைமரி கீ மாற்றம்தான் கடினம், எல்லா டேபிளையும் தொடும். முதல் மூன்றைச் செய்த பிறகு வேகம் போதும் என்று தோன்றினால் பழைய டேபிளை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பதிப்பில் மாற்றினாலும் தவறில்லை.

ரேம் கேள்விக்கு: வாங்குவதற்கு முன் ‘இன்னோடிபி பஃபர் பூல் சைஸ்’ (பேஜ்களை வைத்துக்கொள்ள ஒதுக்கிய ரேம்) என்ன இருக்கிறது என்று பாருங்கள். யாரும் தொடாமல் விட்டிருந்தால் அது 128 எம்பிதான். 16 ஜிபி ரேம் உள்ள சர்வரில் மைஸ்கியூஎல் அந்த 128 எம்பிக்குள் உங்கள் ஒரு கோடி ரெக்கார்டை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். அந்த சர்வரில் வேறு எதுவும் ஓடவில்லை என்றால் பத்து ஜிபி கொடுங்கள், பிறகு எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பாருங்கள். ‘டைப்’ இன்னும் ஆல் என்றே இருந்தால் மேற்கோள் குறி இன்னும் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம், அந்தக் குவெரியையும் விவசாயி டேபிளின் ஷோ கிரியேட் டேபிளையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.